ஆங்கில ரைம் சொற்கள்: பெற்றோரும் பிள்ளைகளும் என்னிடம் கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில், என் வீட்டு முன்கூடத்தில் மாலை நேரங்களில் ஆங்கில டியூஷன் நடத்துகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். பள்ளியில் பாட்டும் கவிதையும் நடக்கிற வாரங்களில் ஒரே மாதிரியான சந்தேகங்கள் என்னைத் தேடி வரும். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அம்மாக்கள் கேட்பார்கள். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை முடிந்தவரை கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

டீச்சர், ரைம் என்றால் என்ன? கடைசி எழுத்து ஒன்றாக இருந்தால் போதும்தானே?

போதாது. ரைம் என்பது ஒலியின் கணக்கு. எழுத்துக்கு அதில் வேலையே இல்லை. ஒரு சொல்லில் எந்த உயிரொலியை அழுத்திச் சொல்கிறோமோ, அதிலிருந்து சொல் முடியும்வரை எல்லா ஒலியும் ஒத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் நிற்கும் மெய்யொலி மட்டும் மாற வேண்டும்.

லைட், நைட், ஃபைட், கைட். நான்கிலும் 'ஐட்' அப்படியே இருக்கிறது. தலை மட்டும் மாறுகிறது. இவை ரைம். லைட்டும் லேட்டும் ஒரே மெய்யில் தொடங்கி ஒரே மெய்யில் முடிந்தாலும் நடுவில் 'ஐ' வேறு, 'ஏ' வேறு. ஆகவே அவை ரைம் ஆகா.

நம் எதுகைதானே ஆங்கிலத்தில் ரைம்? பிள்ளைக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

இதைக் கேட்டவர் ஒரு பாட்டி. பேத்திக்கு 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்ற பழமொழியைச் சொல்லி, உப்பும் குப்பையும் ஒத்து வருவதைக் காட்டியிருந்தார். அருமையான பாடம். ஆனால் அது எதுகை. எதுகையில் முதல் எழுத்து அளவில் ஒத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றிவர வேண்டும். ஒன்றில் முதல் எழுத்து குறில் என்றால் மற்றதிலும் குறிலாக இருந்தால் போதும். அதில் உகரம் வந்தாலும் அகரம் வந்தாலும் குறையில்லை. ஆங்கிலம் அந்த இடத்தில்தான் பிடிவாதமாக இருக்கிறது.

அந்தப் பேத்தியே இதற்கு நல்ல உதாரணம் தந்தாள். 'பட்டர்' என்ற சொல்லுக்கு ரைம் கேட்டேன். யோசிக்காமல் 'லெட்டர்' என்றாள். தமிழ்க் காதுக்கு அது குறையில்லாத எதுகை: இரண்டாம் எழுத்து ஒன்று, பின்னால் வருவதும் ஒன்று. ஆங்கிலக் கணக்கிலோ பட்டரில் அழுத்தம் விழுகிற உயிர் 'அ', லெட்டரில் 'எ'. ஆகவே ரைம் இல்லை. பட்டருக்கு ரைம் ஷட்டர் (கடைக்கதவு), மட்டர் (முணுமுணுத்தல்). லெட்டருக்கு ரைம் பெட்டர் (மேலானது), ஸ்வெட்டர் (கம்பளிச்சட்டை). அவள் செய்த தவறு அறியாமையால் வந்ததன்று. ஒரு மொழியின் இலக்கணத்தை இன்னொரு மொழிக்கு நேர்மையாகப் பொருத்திப் பார்த்திருக்கிறாள்.

தமிழில் ரைமுக்கு நெருங்கிய உறவு இயைபு, அதாவது அடிகளின் இறுதி ஒத்து முடிவது. வந்தான், தந்தான் என்று நம் வினைச்சொற்கள் வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்பதால் இயைபு நமக்கு மலிவாகக் கிடைக்கிறது. அதனால்தானோ என்னவோ, நம் மரபுச் செய்யுள் அடியின் தலையிலேயே அழகைத் தேடி எதுகையையும் மோனையையும் பெரிதாகக் கொண்டாடியது.

ஆங்கிலச் சொற்களை ஏன் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுக்கிறீர்கள்? பிள்ளை குழம்பிவிடாதா?

வேண்டுமென்றேதான் செய்கிறேன். ஆங்கில எழுத்தைப் பார்த்ததும் கண் முந்திக்கொள்கிறது, காது பின்தங்கிவிடுகிறது. தமிழில் எழுதினால் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தே ஆக வேண்டும். ரைம் படிக்கிற முதல் சில நாட்களுக்கு இது போதும். எழுத்துக்கூட்டலைப் பிறகு தனியாகப் படிக்கலாம்.

தமிழ் எழுத்து மறைத்துவிடுகிற ஒலிகளும் உண்டு. 'கேட்' என்று எழுதினால் பூனையா, வாசற்கதவா? இரண்டின் உயிரொலியும் வேறு. பூனைக்கு வரும் ஒலி நம் எழுத்தில் இல்லை. 'ஆ' சொல்ல வாயைத் திறந்தபடியே 'ஏ' சொல்ல முயன்றால் அந்த இடத்துக்கு வந்துவிடலாம். பூனைக்குத் தொப்பியும் எலியும் பாயும் ரைம். வாசற்கதவுக்கு லேட், டேட், பிளேட் ரைம். இத்தகைய சொற்களுக்கு என் வகுப்பில் படம் வரைந்த அட்டைகளையே பயன்படுத்துகிறேன்.

ஒலி ஒன்றாக இருந்தால் பொருளும் ஏதாவது ஒரு வகையில் ஒட்டி வருமா?

வராது. பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இதுதான். ரைம் சொற்களைக் கிளிப்பிள்ளை போல அடுக்கத் தெரியும். பொருளைக் கேட்டால் விழிப்பார்கள். 'ஐட்' குடும்பத்தையே பாருங்கள். லைட் என்றால் வெளிச்சம். எடை குறைந்தது என்ற பொருளும் உண்டு. நைட் இரவு. ஃபைட் சண்டை. பைட் கடி. கைட் காற்றாடி, பருந்து வகைப் பறவை ஒன்றுக்கும் அதே பெயர். ஒயிட் வெள்ளை. டைட் இறுக்கம். ரைட் என்பதற்குச் சரி, வலப்பக்கம், உரிமை என்று மூன்று பொருள். மனிதர்களாக இருந்தால் ஒரே அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் என்று சொல்லலாம், உறவினர்கள் அல்லர்.

ஆனால் சில ஒலிக்கூட்டங்களில் ஒரு சாயல் படிந்திருக்கும். கிராஷ், ஸ்மாஷ், கிளாஷ், ஸ்பிளாஷ் என்று சொல்லிப் பாருங்கள். இடிபடுதல், நொறுங்குதல், மோதுதல், தண்ணீர் தெறித்தல். நான்கிலும் ஏதோ ஒன்று வேகமாகப் போய் மோதுகிறது. நம் சலசல, படபட, மளமள போன்ற இரட்டைக்கிளவிகளில் ஒலியே பொருளைச் சொல்வதை இது நினைவூட்டும். ஆனால் இதைச் சட்டமாக்கிக்கொள்ளக் கூடாது. கேஷ் என்ற பணமும், தமிழில் எழுதும்போது வேறாகத் தெரிந்தாலும், அதே குடும்பத்து ரைம்தான். அதில் மோதல் எதுவும் இல்லை.

கேஷ் என்றதும் 'அது நம் காசுதானே' என்று அடுத்த கேள்வி வரும். பாதி சரி. ஆசிய நாணயங்களுக்கு ஐரோப்பியர்கள் வழங்கிய கேஷ் என்ற பெயர் தமிழ்க் காசிலிருந்து போர்த்துகீசியம் வழியாகப் போனது. இன்று ரொக்கம் என்ற பொருளில் வழங்கும் கேஷ் வேறு. அது பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது.

எழுத்து அப்படியே ஒன்றாக இருக்கிறது, ஆனால் ரைம் இல்லை என்று திருத்தியிருக்கிறார்கள். ஏன்?

பள்ளியில் உயரமும் எடையும் பார்த்துக் குறிப்பார்களே, ஹைட், வெயிட். இரண்டு சொற்களையும் ஆங்கிலத்தில் எழுதி முதல் எழுத்தை மூடுங்கள். இரண்டிலும் எஞ்சுவது எட்டு என்ற எண்ணைக் குறிக்கும் 'எயிட்'. எழுத்து அச்சு அசல் ஒன்று. ஆனால் ஹைட்டுக்கு ரைம் லைட், வெயிட்டுக்கு ரைம் லேட். அதே போல குட் (நல்ல), ஃபூட் (உணவு), பிளட் (இரத்தம்) மூன்றும் இரட்டை 'ஓ'வும் 'டி'யும் கொண்டு முடிகின்றன. ஒன்றுக்கொன்று ரைம் இல்லை.

இதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு மட்டும் எவ்வளவு நேரம் ஆனாலும் உட்கார்ந்து பதில் சொல்வேன், ஏனென்றால் காரணம் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தின் மேல் கோபம் குறைகிறது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் குட், ஃபூட், பிளட் மூன்றிலும் நீண்ட 'ஓ' ஒலியே இருந்தது. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் எல்லாம் இடம்பெயர்ந்தன. 'ஓ' போய் 'ஊ' ஆனது. பிறகு பிளட் முன்னதாகவே குறுகி 'அ' ஆயிற்று. குட் பிந்திக் குறுகி 'உ'வில் நின்றது. ஃபூட் குறுகாமல் அப்படியே இருந்துவிட்டது. இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்தபோதே, 1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சகத்தைக் கொண்டுவந்தார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் உறைந்தது, நாக்கு உறையவில்லை.

லைட்டிலும் நைட்டிலும் நடுவில் ஒலிக்காமல் நிற்கிற 'ஜி', 'எச்' எழுத்துகளும் ஒரு காலத்தில் ஒலித்தவைதான். நம் 'அஃது' என்பதில் வரும் ஆய்தத்தைச் சற்றே ஒத்த தொண்டை ஒலி அது. ஒலி போன பிறகும் எழுத்து காவல் நிற்கிறது.

பழைய கவிதையில் லவ் என்ற சொல்லுக்கு புரூவ் என்ற சொல்லை ரைமாக வைத்திருக்கிறார்கள். கவிஞர் தவறு செய்துவிட்டாரா?

தவறில்லை. ஷேக்ஸ்பியரே அவற்றை அப்படி வைத்திருக்கிறார். அவர் காலத்து உச்சரிப்பில் அவை இன்றையதைவிட நெருக்கமாக ஒலித்தன. பின்னால் வந்தவர்கள் முன்னோர் வைத்ததைப் பார்த்து, எழுத்தில் ஒரே மாதிரி முடிந்து கண்ணுக்கு ஒத்திருந்தால் போதும் என்று தொடர்ந்து எழுதினார்கள். இதைக் கண் ரைம் என்று சொல்லலாம். கவிதையில் வந்தால் ரசியுங்கள். தேர்வில் 'ரைம் சொல் எழுது' என்றால் காதுக்கு ஒத்ததையே எழுதுங்கள்.

சரி, எழுத்து வேறாக இருந்தும் ரைம் வருமா?

ஏராளமாக வரும். என் வகுப்பில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது. ஸூ நெகாரா என்னும் நம் தேசிய விலங்குக்காட்சி சாலையின் பெயரில் வரும் ஸூ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அதற்கு ரைம்: ஷூ (காலணி), டூ (இரண்டு), புளூ (நீலம்), யூ (நீ), ஃபுளூ (பறந்தது), த்ரூ (ஊடாக). ஏழு சொற்களை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். ஏழும் ஏழு விதமாக முடியும். காதுக்கு ஒரே ஒரு 'ஊ'.

மலாய் மொழி படிக்கிற பிள்ளைக்கு இது அநியாயமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. மலாய், ஆங்கிலத்திலிருந்து வாங்கிய சொல்லைக்கூட ஒலித்தபடி திருத்தி எழுதிக்கொள்கிறது. தெருவில் பஸ் நிற்கும் இடத்துப் பலகையைப் பாருங்கள்: பி, ஏ, எஸ். ஆங்கிலப் புத்தகத்தில் அதே பஸ்ஸுக்கு நடுவில் 'யு'. தமிழும் மலாயும் ஒலித்தபடி எழுதப் பழக்கிய கை, ஆங்கிலத்தில் தயங்கத்தான் செய்யும். அந்தத் தயக்கத்தை மக்குத்தனம் என்று யாரும் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

சீ என்றால் பார். சீ என்றால் கடல். இந்த இரண்டும் ரைம்தானே?

இல்லை. முதல் பதிலில் சொன்னேனே, முன்னால் நிற்கும் மெய் மாற வேண்டும். இங்கே மாறவில்லை. சொல் முழுவதும் ஒரே ஒலி. இவை ஒலியொப்புச் சொற்கள். இரவைக் குறிக்கும் நைட்டும், குதிரைவீரனைக் குறிக்கும் நைட்டும் இப்படித்தான். வீரனுக்கு மட்டும் எழுத்தில் முன்னால் 'கே' வரும், ஒலிக்காது. இரண்டுக்கும் லைட் ரைம். அவை ஒன்றுக்கொன்று ரைம் அல்ல.

ஒரே சொல்லுக்கு இரண்டு ரைம் இருக்குமா? மகள் 'ரீட்' என்கிறாள், டீச்சர் 'ரெட்' என்கிறார்.

இருவரும் சரி. வாசி என்னும் போது ரீட். வாசித்தேன் என்னும் போது அதே எழுத்து ரெட். முதலாவதற்கு நீட் (தேவை), ஃபீட் (ஊட்டு), ஸீட் (விதை) ரைம். இரண்டாவதற்கு பெட் (படுக்கை), பிரெட் (ரொட்டி) ரைம். காற்றைக் குறிக்கும் 'விண்ட்' அதே எழுத்தோடு சுருட்டுதல் என்ற பொருளில் 'வைண்ட்' ஆகும். அப்போது கைண்ட், ஃபைண்ட், பிளைண்ட் அதனோடு சேரும். ஆகவே ரைம் எழுதும் முன் வாக்கியத்தைப் படிக்க வேண்டும். பொருள் தெரியாமல் ஒலி தெரியாது. நான் பொருளை விடாமல் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஊரில் எல்லாரும் ஷிப், ஷீப் இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்கிறோம். பிறகு ரைம் எப்படித் தெரியும்?

உண்மைதான். மலேசியப் பேச்சில் கப்பலும் செம்மறியாடும் பல நேரம் ஒரே ஒலியாகிவிடும். படுக்கைக்கும் 'கெட்ட' என்பதற்கும் வேறுபாடு கேட்காது. மூன்றைக் குறிக்கும் த்ரீ, மரத்தைக் குறிக்கும் ட்ரீயாக மாறிவிடும். கடைத்தெருவில் இதனால் யாருக்கும் நட்டமில்லை. ரைம் பார்க்கும்போது மட்டும் கவனம் வேண்டும்.

இங்கே தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. குறிலும் நெடிலும் அவன் மடியில் படித்தது. கல் வேறு, கால் வேறு; விடு வேறு, வீடு வேறு. அந்தக் காதை ஆங்கிலத்துக்குத் திருப்பினால் போதும். ஷிப்புக்கு லிப் (உதடு), டிப் (நுனி). ஷீப்புக்கு டீப் (ஆழம்), ஸ்லீப் (தூக்கம்), கீப் (வைத்துக்கொள்). ஃபுல் (நிறைந்த) என்பதற்கு புல் (இழு). ஃபூல் (முட்டாள்) என்பதற்கு கூல் (குளிர்ந்த), ஸ்கூல். குறில், நெடில் என்று ஒரு முறை பலகையில் எழுதினேன். ஒரு மாதமாக விளங்காதது அன்றே விளங்கிவிட்டது.

பெரிய சொற்களுக்கு? ஸ்டேஷன், ஆக்‌ஷன் இரண்டும் ஷன் என்றுதானே முடிகின்றன?

மீண்டும் முதல் பதிலுக்கு வாருங்கள்: அழுத்தம் விழும் உயிரிலிருந்து எண்ண வேண்டும். ஸ்டேஷனில் அழுத்தம் 'ஏ'யில். அதோடு சேர்பவை நேஷன் (நாடு), வெகேஷன் (விடுமுறை), எஜுகேஷன் (கல்வி). ஆக்‌ஷனில் அழுத்தம் தொடக்கத்திலேயே இருக்கிறது. உயிரும் வேறு, ஆகவே சேராது. தமிழில் சொல்லுக்குள் இப்படி ஏற்ற இறக்கம் பார்ப்பதில்லை. அதனால் இது பழக நாளாகும். மேசையில் விரலால் தட்டிச் சொல்லச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தட்டு பலமாக விழுகிறதோ அங்கிருந்து கணக்கு.

மலாய் வகுப்பில் பந்துன் படிக்கிறாள். அதே முறை ஆங்கிலக் கவிதைக்கும் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும். நான்கு அடிப் பந்துனில் முதல் அடியும் மூன்றாம் அடியும் ஒரே ஒலியில் முடியும். இரண்டும் நான்கும் வேறோர் ஒலியில் முடியும். முதல் இரண்டு அடிகள் பெம்பாயாங் என்னும் சாயல், அடுத்த இரண்டு மக்சுட் என்னும் பொருள். 2020இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து பந்துனை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெறச் செய்தன. ஒத்து முடியும் அடிகளுக்கு ஏ, பி என்று குறியிடும் பழக்கத்தை அப்படியே ஆங்கிலத்துக்கும் கொண்டுபோகலாம்.

வேறுபாடுகளையும் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பாட்டுகள் பலவற்றில் இரண்டாம், நான்காம் அடிகள் மட்டுமே ரைம் ஆகும். ஒன்றும் மூன்றும் சுதந்திரமாக நிற்கும். பந்துனில் கடைசி அசை ஒத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் மேலே சொன்ன அழுத்தக் கணக்கு குறுக்கே வரும்.

ஏ பி சி பாட்டில் கடைசி எழுத்தை 'ஸெட்' என்றால் பாட்டு உடைகிறது, 'ஸீ' என்றால் பள்ளியில் திருத்துகிறார்கள். எது சரி?

மலேசியப் பள்ளிகளில் பிரிட்டன் வழக்கு, ஆகவே ஸெட். அந்தப் பாட்டு அமெரிக்காவில் பிறந்தது. 1835இல் பாஸ்டனில் பதிப்புரிமை பெற்றது. அங்கே கடைசி எழுத்து ஸீ. பாட்டின் அடிகள் ஜி, பி, வி என்று 'ஈ' ஒலியில் முடிந்துகொண்டே வந்து கடைசியில் 'மீ'யில் நிற்கின்றன. ஸெட் என்றால் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுகிறது. பாடும்போது ஸீ, எழுத்தைச் சொல்லும்போது ஸெட் என்று பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். காரணத்தையும் சொன்னால் மறக்கவே மாட்டான்.

ரைமே இல்லாத சொல் உண்டா?

உண்டு. ஆரஞ்சு பேர்போனது, அன்றாட ஆங்கிலத்தில் அதற்குச் சரியான ரைம் கிடையாது. மாதத்தைக் குறிக்கும் மன்த் என்ற சொல்லும் அப்படித்தான். ஆரஞ்சுக்கு ரைம் இல்லாவிட்டாலும் உறவு உண்டு. ஐரோப்பாவுக்கு அது அரபியின் நாரஞ்ச் வழியாகப் போனது. அதற்குப் பின்னால் சமஸ்கிருதத்தின் நாரங்கம். அதன் வேர் திராவிட மொழியாக இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். நம் வீட்டு ஊறுகாய் ஜாடியில் கிடக்கும் நாரத்தையை நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது. பேரனுக்கு நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

எதுகை கேட்ட அதே பாட்டியின் அடுத்த கேள்வி இது. அம்மா, உங்கள் காது போதும். பேரன் இரண்டு சொற்களைச் சொல்லட்டும். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வால் ஒத்திருக்கிறதா, தலை மாறியிருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு 'அதற்குத் தமிழில் என்னடா பொருள்?' என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் அகராதியை எடுக்கச் சொல்லுங்கள். நானும் வகுப்பில் இதைத்தான் செய்கிறேன்.

பிள்ளை பொருளே இல்லாத சொற்களை எல்லாம் அடுக்குகிறான். திருத்த வேண்டாமா?

உடனே திருத்தாதீர்கள். ஒலி சரியாக இருந்தால் அவன் காது சரியாக வேலை செய்கிறது என்று பொருள். முதலில் அதைப் பாராட்டுங்கள். சொல் உண்டா இல்லையா என்று பிறகு இருவரும் சேர்ந்து தேடுங்கள்.

சென்ற ஆண்டு மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் 'ஐட்' குடும்பத்தில் தனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோய், மேசை விளிம்பில் தாளம் போட்டுக்கொண்டே 'ஸ்லைட்' என்றான். சொல்லிவிட்டு, தானே கட்டியது என்று சிரித்தான். தடித்த அகராதியை அவன் முன்னால் வைத்தேன். எஸ், எல் வரிசையில் விரலை வைத்து இறங்கிக்கொண்டே வந்தவன் நின்றான். ஸ்லைட்: மிகச் சிறிய, அற்பமான. நடுவில் 'ஜி', 'எச்' கூட இருந்தன. பென்சிலை எடுத்து நோட்டுப் புத்தகத்தில் லைட்டுக்குக் கீழே அதை எழுதிக்கொண்டான், பக்கத்தில் தமிழ்ப் பொருளோடு.